சேலத்துச் சடையும் ஏற்காட்டுத் தொப்பியும்: 1900 முதல் 1930 வரையிலான தலையலங்காரத்துக்கு முழு வழிகாட்டி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. அந்தப் பெயருக்குக் காரணமான ஊசியைக் கையில் கொடுத்தால் இன்றைய பிள்ளைகளில் பாதிப் பேர் "இது எதுக்குக்கா?" என்கிறார்கள். பள்ளி ஆண்டுவிழா, நாடகம், கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ என்று பல வருடமாகத் தலை பின்னி வருகிறேன். இப்போதெல்லாம் 'பாட்டி காலத்து மாதிரி' வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம். ஏற்காட்டில் பழைய பங்களா ஒன்றைப் பிடித்து, துரை வீட்டுப் பெண் ஒருத்தி, செவ்வாய்ப்பேட்டை வியாபாரி மகள் ஒருத்தி, காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பவள் ஒருத்தி என்று கதை எழுதிவிடுகிறார்கள். மூன்று தலைக்கும் என்ன செய்வது என்று மட்டும் யாரும் யோசிப்பதில்லை.

முதல் தடவை நானும் யோசிக்கவில்லை. ஒரு கல்லூரி நாடகம். பிள்ளைகளைக் காலையில் ஷாம்பூ போட்டுக் குளித்துவிட்டு வரச் சொன்னேன். இரண்டாம் காட்சி முடிவதற்குள் துரைசானியின் கொண்டை அவள் தோளில் கிடந்தது. வழுக்குகிற முடியில் எந்த ஊசியும் நிற்காது. அந்தக் காலத்துத் தலையலங்காரம், மலையிலும் சரி, கீழே ஊரிலும் சரி, எண்ணெயும் பிசுக்கும் பிடித்த முடியை நம்பிக் கட்டியது. அதோடு உதிர்ந்த முடியைச் சேர்த்துவைத்துக் கட்டியது. இந்த இரண்டும் புரிந்துவிட்டால் மீதியெல்லாம் கைப்பழக்கம்தான்.

1. வருஷத்தையும் வயதையும் முதலில் முடிவு செய்யுங்கள்

'பழைய காலம்' என்று ஒரு காலம் கிடையாது. கதை எந்த வருஷம் நடக்கிறது என்று இயக்குநரிடம் கேட்டு வாங்குங்கள்.

ஐரோப்பியப் பெண் என்றால் 1900 முதல் 1910 வரை தலை முழுக்க உப்பிய 'பாம்படோர்' கொண்டை. அமெரிக்க ஓவியர் சார்லஸ் டேனா கிப்சன் 1890களில் வரையத் தொடங்கிய 'கிப்சன் கேர்ள்' படங்கள்தான் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனவை. 1910க்குப் பிறகு உப்பல் தணிந்து, கொண்டை பின்கழுத்துப் பக்கம் இறங்குகிறது. 1920களில் முடியையே வெட்டிவிடுகிறார்கள். தோட்ட பங்களாவில் இருந்த பெண்ணுக்குப் புதுப் பாணி தெரியவருவது பத்திரிகை கப்பலேறி வந்து சேர்ந்த பிறகுதான். அதனால் லண்டனைவிட ஓரிரு வருஷம் பின்தங்கியே காட்டுங்கள், நம்பும்படி இருக்கும்.

வயதும் முக்கியம். ஏறக்குறைய 17, 18 வயது வரை அவர்கள் வீட்டுப் பெண் முடியைத் தொங்கவிட்டிருப்பாள், அல்லது பின்னி ரிப்பன் கட்டியிருப்பாள். முடியைத் தூக்கிக் கட்டினால் அவள் பெரியவளாகிவிட்டாள், விருந்துக்கு அழைக்கலாம் என்று அர்த்தம். நாம் மஞ்சள் நீராட்டி, பூச்சடை தைத்து ஊருக்குச் சொன்னதை அவர்கள் நாலு கொண்டை ஊசியில் சொன்னார்கள்.

தமிழ்ப் பெண்ணின் தலை பத்து வருஷத்துக்கு ஒருமுறை மாறவில்லை. நேர்வகிடு, படிய வாரிய முடி, சடை அல்லது கொண்டை, பூ. நெற்றிமேல் சுருள், காதோரம் அலை என்று சினிமா பார்த்துப் போட்டுக்கொண்ட அலங்காரமெல்லாம் 1931இல் தமிழ்ப் பேசும்படம் வந்த பிறகு. நம் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவே 1935இல்தான். 1915இல் நடக்கிற கதையில் செவ்வாய்ப்பேட்டைப் பெண்ணுக்கு முன்னால் பஃப் வைத்தீர்கள் என்றால் போச்சு.

2. இரண்டு நாள் முன்பே தலையைத் தயார் செய்யுங்கள்

நிகழ்ச்சி சனிக்கிழமை என்றால் வியாழக்கிழமை தலைக்குக் குளிக்கட்டும். தேங்காய் எண்ணெயோடு கொஞ்சம் விளக்கெண்ணெய் கலந்து தேய்த்து, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, அரப்பு போட்டு அலசச் சொல்லுங்கள். உசில மரத்து இலையைக் காயவைத்துப் பொடித்ததுதான் அரப்பு. நம் பக்கத்தில் நாட்டுமருந்துக் கடை எதிலும் கிடைக்கும். வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் எண்ணெய் முழுக்கப் போகாது, அழுக்கு மட்டும் போகும். சீயக்காயும் ஆகும், ஆனால் கண்ணில் பட்டால் பிள்ளை ஆட்டம் போடுவாள். கண்டிஷனர் வேண்டவே வேண்டாம். கடைசியில் சாம்பிராணிப் புகை காட்டி முடியை உலர்த்தினால், அந்த மெல்லிய சொரசொரப்பில் ஊசி கவ்விப் பிடிக்கும்.

துரைசானி வேஷம் போடும் பெண்ணுக்கு மட்டும் எண்ணெயைக் குறையுங்கள். நுனியில் தடவினால் போதும். வேரில் எண்ணெய் இருந்தால் முடி உப்பாது.

3. உதிர்ந்த முடியைச் சேர்த்து வையுங்கள்

எங்கள் அம்மாயி சிக்கெடுத்தால் சீப்பில் வரும் முடியை விரலில் சுற்றி, சுவர் மாடத்தில் ஒரு தகர டப்பாவில் போட்டு வைப்பார். டப்பா நிறைந்ததும் வாசலில் வருகிறவர்களிடம் கொடுத்துச் சவுரி கட்டி வாங்குவார். தன் முடியே தனக்குச் சவுரி. நிறம் மாறாது, காசும் மிச்சம்.

அதே காலத்தில் மேலே மலையில் துரைசானியின் அலங்கார மேசைமேல் பீங்கானிலோ வெள்ளியிலோ ஒரு சின்னக் கிண்ணம் இருந்திருக்கும். மூடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. பிரஷ்ஷில் வந்த முடியை அந்த ஓட்டை வழியாகத் திணித்துச் சேர்ப்பார்கள். சேர்ந்ததை உருட்டி, வலையில் பொதிந்து, கொண்டைக்குள் வைத்து உப்ப வைப்பார்கள். அந்த உருண்டைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ரேட்', அதாவது எலி! நம்மவர்கள் 'சவுரி' என்று கௌரவமாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நீங்களும் ஒரு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். வேஷம் போடும் பெண் தன் முடியைச் சேர்க்கட்டும். சேர்ந்ததைக் கழுவி உலர்த்தி, கையால் பிசிறிவிட்டு, ஒரு காதிலிருந்து பின்தலை வழியாகவோ உச்சி வழியாகவோ மறு காது வரை எட்டும் நீளத்துக்கு உருட்டுங்கள். பருமன் ஒரு பூவன் பழம் அளவு, இரு முனையும் ஒல்லியாக. கறுப்பு ஹேர்நெட்டில் நுழைத்து இரு பக்கமும் தைத்துவிட்டால் எலி தயார். முடி பற்றாவிட்டால் பழைய சவுரியை வெட்டிச் சேர்க்கலாம். பஞ்சு மட்டும் வைக்காதீர்கள். ஊசி குத்தினால் நிற்காது, முடி விலகும் இடத்தில் வெள்ளையாகத் தெரியும்.

சடைக்கான சவுரி சின்னக்கடை வீதிப் பக்கம் பேன்சி கடைகளில் கிடைக்கும். மூன்று கற்றையும் தலைப்பில் நூலால் இறுக்கிக் கட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து வாங்குங்கள். பளபளவென்று மின்னுவது நைலான். மேடை வெளிச்சத்தில் தனியாகக் காட்டிக்கொடுக்கும்.

4. பூச்சடை

எனக்கு இந்த வேலையில் ரொம்பப் பிடித்தது இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நேர்வகிடு எடுங்கள். மூக்கு நுனியிலிருந்து உச்சிக்கு ஒரு கோடு போட்ட மாதிரி இருக்க வேண்டும். கோணல் வகிடு அப்போது வீட்டில் திட்டு வாங்கித் தரும் விஷயம். விரலில் எண்ணெய் தொட்டு, இரு பக்கமும் காதுக்குமேல் படிய வாரி, பின்கழுத்துக்குச் சற்று மேலே கறுப்பு நூலால் இறுக்கிக் கட்டுங்கள். ரப்பர் பேண்டு கூடாது; அவிழ்க்கும்போது முடியோடு வரும். சவுரியின் தலைப்பை அந்தக் கட்டுக்கு அடியில் வைத்து இரண்டு கொண்டை ஊசியைக் குறுக்காகக் குத்தி, சொந்த முடியின் மூன்று கால்களோடு சவுரியின் மூன்று கால்களையும் சேர்த்துப் பின்னுங்கள். முதல் நாலு பின்னல் இறுக்கமாக வந்தால் கீழே தளர்ந்தாலும் பாதகமில்லை. நுனியில் குஞ்சலம்.

இனி பூ. பின்கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரு கயிற்றால் அளந்துகொள்ளுங்கள். அந்த நீளத்துக்கு வாழைப்பட்டையை மூன்று விரல் அகலத்தில், கீழே குறுகும்படி வெட்டுங்கள். காலையில் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் விரியாத மல்லிகை மொட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முக்கால் கிலோ இருந்தால் மிச்சம் வரும், குறையாது. ஊசியில் இரட்டை நூல் கோத்து, மொட்டுகளைக் காம்பு உள்பக்கமாக வைத்து வரிசை வரிசையாகத் தைத்துக்கொண்டே போக வேண்டும். நடுவில் கனகாம்பரமோ அரளியோ ஒரு பட்டை, ஓரத்தில் மரிக்கொழுந்து. இரண்டு பேர் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம். தைத்த பட்டையைச் சடைமேல் வைத்து நாலைந்து இடத்தில் நூலால் கட்டிவிட்டால் ஆயிற்று.

தாழம்பூ கிடைக்கிற நாளாக இருந்தால் விடாதீர்கள். வெளிமடல் வேண்டாம், உள்ளே இருக்கும் வெளிர்மஞ்சள் மடல். ஓரத்து முள்ளைக் கத்தியால் சீவிவிட்டு, மடித்து மடித்துத் தைக்க வேண்டும். வாடினாலும் வாசம் போகாது. தாழம்பூவுக்குப் பாம்பு வரும் என்று யாராவது ஒரு பெரியவர் சொல்லுவார், கேட்டுக்கொண்டே தையுங்கள்.

கல்யாணப் பெண், நாட்டியப் பெண் என்றால் தலைசாமான் சேரும். வகிட்டில் நெற்றிச்சுட்டி, அவளுடைய வலப்பக்கம் சூரியப்பிறை, இடப்பக்கம் சந்திரப்பிறை, பின்தலையில் சடை தொடங்கும் இடத்தில் ராக்கொடி, சடை நெடுகச் சடைவில்லை. சூரியனையும் சந்திரனையும் இடம் மாற்றி வைப்பது நான் அடிக்கடி பார்க்கும் தப்பு. நீங்கள் எதிரே நின்று வைக்கிறீர்கள், உங்கள் வலது அவளுக்கு இடது. நாடகத்துக்குக் கவரிங் போதும். வெள்ளியில்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு, கொலுசுக்குப் பேர்போன செவ்வாய்ப்பேட்டையில் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. சாதாரண நாளில் நடக்கும் காட்சிக்கு இது எதுவும் வேண்டாம். வெறும் சடை, ஒரு முழம் பூ.

போட்டோவுக்கு ஒரு விஷயம். பூச்சடை தைத்த பெண்ணை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய், பின்னால் நிலைக்கண்ணாடி வைத்து, முகமும் சடையும் ஒரே படத்தில் விழும்படி எடுப்பது வழக்கம். பழைய வீடுகளின் சுவரில் இன்றும் அந்தப் படம் தொங்கும். உங்கள் போட்டோக்காரரிடம் சொல்லுங்கள். கண்ணாடியில் அவர் கேமரா தெரியாமல் கோணம் பிடிக்கப் படாதபாடு படுவார்.

5. கோடாலி முடிச்சு

இதற்கு ஊசியே வேண்டாம். முடியைக் கையில் அள்ளி, முறுக்கி, பின்கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை அந்தச் சுற்றுக்குள் நுழைத்து இழுத்தால் நிற்கும். வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்த பெண்களுக்கு இதுதான். அழகாகப் போட்டுவிடாதீர்கள், அவளையே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கொஞ்சம் சரிந்திருந்தால்தான் சரி.

6. தோட்டத்துப் பெண்ணின் தலைத்துணி, சும்மாடு, கொங்காடை

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். நம் கதை நடக்கும் காலத்தில் அந்தத் தோட்டங்கள் பழையவையாகிவிட்டன. தலையணி என்றாலே தொப்பி என்று நினைக்கிறோம். தோட்டத்தில் பழம் பறித்தவளின் தலையில் இருந்த துணியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

சாயம் போன ஒரு பருத்தித் துண்டை நெற்றியில் வைத்து, பின்னால் கொண்டைக்குக் கீழே முடிச்சுப் போடுங்கள். கூடை தூக்குகிற காட்சி என்றால் சும்மாடு. பழைய சேலையைக் கயிறாக முறுக்கி, உள்ளங்கை அகலத்துக்கு வளையமாகச் சுற்றி, நுனியைச் செருகிவிடுங்கள். மழைக்காட்சி என்றால் கொங்காடை. கோணிச்சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளினால் கூம்பு மாதிரி வரும். அதைத் தலையில் போட்டால் முதுகுவரை மூடும். குடையைக் கொடுத்து அந்தப் பெண்ணைக் கெடுத்துவிடாதீர்கள்.

7. துரை வீட்டுப் பெண்ணுக்குப் பாம்படோர்

நெற்றியிலிருந்து காதுக்குப் பின்வரை, தலையைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு முடியைப் பிரித்து முன்னால் தொங்கவிடுங்கள். நடுவில் மிஞ்சிய முடியை உச்சியில் இறுக்கிக் கட்டிச் சிறு உருண்டையாகச் சுற்றி ஊசி குத்துங்கள். இதுதான் ஆணிவேர், மற்ற எல்லாம் இதில்தான் தொங்கப்போகிறது. எலியை அந்த உருண்டையைச் சுற்றிக் குதிரை லாடம் மாதிரி வளைத்து வைத்து, ஆறேழு கொண்டை ஊசியால் பிடித்துக்கொள்ளுங்கள்.

தொங்குகிற முடியை ஒரு பிடி ஒரு பிடியாக எடுத்து, வேர்ப்பக்கம் சீப்பைத் தலையை நோக்கித் தள்ளிச் சிடுக்காக்குங்கள். அம்மாக்கள் பார்த்தால் பதறுவார்கள். மேல்பரப்பை மட்டும் பிரஷ்ஷால் தடவி, எலியின்மேல் தூக்கிப் போர்த்தி, நுனியை உருண்டையின் அடியில் சுருட்டிச் செருகுங்கள். நெற்றிப்பக்கம் முதலில், பிறகு பக்கவாட்டு, கடைசியாகப் பின்கழுத்து. முடிந்ததும் இரு கையாலும் மெல்ல முன்னால் தள்ளினால் நெற்றிக்குமேல் கூரை மாதிரி நிற்கும்.

கொண்டை ஊசி என்று நான் சொல்வது இரண்டு கால் அகன்ற ஊசி. கால் ஒட்டிக் கவ்வுகிற சைடு பின் 1920களில் வெட்டிய முடியோடு வந்த சாமான். 1905இல் நடக்கும் காட்சியில் அது வெளியே தெரிந்தால் தப்பு. உள்ளே மறைத்துக் குத்துவதை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

8. அதன்மேல் தொப்பி

அந்தக் காலத்துப் பெரிய தொப்பி மண்டையில் மாட்டுவதில்லை, முடியின்மேல் உட்காருவது. அதனால்தான் கொண்டை சரியாக வந்த பிறகே தொப்பி. தொப்பியை வைத்து, ஒரு சாண் நீள ஊசியை ஒரு பக்கம் துணியில் குத்தி, கொண்டை வழியாகச் செலுத்தி, மறுபக்கம் துணியில் வெளியே எடுக்க வேண்டும். இந்த ஊசிமுனைக்குப் பயந்து சிகாகோ நகரம் 1910இல் நீளத்துக்குச் சட்டமே போட்டது. முனையில் ஒரு ரப்பர் துண்டு குத்திவிடுங்கள், பக்கத்தில் நடிப்பவரின் கண் தப்பிக்கும்.

தொப்பியில் இறகு வேண்டுமென்றால் கோழி இறகு போதும். கொக்கு இறகுக்காகப் பறவைகளைக் கொன்று குவித்ததில், 1902இலேயே இந்திய அரசு இறகு ஏற்றுமதியைத் தடுக்க வேண்டிவந்தது.

வெளியே வெயிலில் போகும் காட்சி என்றால் சோலா தொப்பி. தஞ்சாவூர்ப் பக்கம் பொம்மையும் மாலையும் செய்கிறார்களே, அந்த நெட்டித் தண்டில் செய்து மேலே துணி போர்த்தியது அது. பெண்களும் குழந்தைகளும்கூடப் போட்டார்கள். இதன் கீழே பாம்படோர் நிற்காது. பின்கழுத்தில் தாழ்ந்த கொண்டை போடுங்கள்.

9. கான்வென்ட் பெண்ணின் ரிப்பன்

ஏற்காட்டில் கான்வென்ட் பள்ளிக்கூடம் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே வந்துவிட்டது. அங்கே படிக்கும் ஐரோப்பியச் சிறுமிக்குத் தளர்ந்த ஒற்றைச் சடை, பின்கழுத்தில் உள்ளங்கையைவிடப் பெரிய ரிப்பன் பூ. இன்றைய பள்ளி ரிப்பன் ஒல்லி. நாலு விரல் அகல சாட்டின் வாங்கி, கஞ்சி போட்டு இஸ்திரி செய்யுங்கள். மாதா கோவில் காட்சிக்கு வெள்ளை முக்காடு. அவ்வளவுதான்.

10. வெட்டாமல் பாப்

அமெரிக்க நடனக்காரி ஐரீன் காசில் 1915ஐ ஒட்டி முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டதும் அது பாணியாகிவிட்டது; அதுதான் 'பாப்'. 1920களில் ஊர் உலகமெல்லாம் பரவியது. நம் பிள்ளை இடுப்புவரை முடி வைத்திருப்பாள், வெட்டச் சொன்னால் வீட்டில் கொலை விழும். முடியைத் தளர்வாக இரண்டாகப் பின்னி, பின்னலை உள்பக்கம் மடித்துப் பின்கழுத்தில் தட்டையாகக் குத்துங்கள். முன்முடி கன்னம்வரை இறங்கியிருக்கட்டும்.

அலை வேண்டுமே? பிரான்சில் மார்செல் கிராட்டோ 1870களில் கொண்டுவந்த முறையில் இடுக்கியை நெருப்பில் காய்ச்சி முடியை அலையாக்குவார்கள். சூட்டைக் காகிதத்தில் வைத்துப் பார்ப்பார்கள். காகிதம் பழுத்தால் ஆறவிட வேண்டும். நமக்கு அந்த வம்பு வேண்டாம். ஆளி விதையைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டினால் கொழகொழவென்று வரும். அதைத் தடவி, விரலால் முடியை முன்னும் பின்னும் தள்ளி 'எஸ்' மாதிரி வளைத்து, கிளிப் போட்டு உலரவிடுங்கள்.

இதற்கு மேலே கிளோஷ், அதாவது மணி மாதிரித் தொப்பி. பாரிஸ் தொப்பிக்காரி கரோலின் ரெபூ பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. புருவம்வரை இழுத்துவிட வேண்டும். பாதி நெற்றி தெரிந்தால் அது 1920கள் ஆகாது.

11. மலைக்குப் போகிற நாள்

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். பனிமூட்டம் இறங்கினால் உப்பிய முடி பத்து நிமிஷத்தில் சோர்ந்துவிடும். பாம்படோர், அலை இரண்டையும் மேலே போய்த்தான் போட வேண்டும். பூச்சடையைக் கீழே தைத்து, ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். தலையில் கட்டுவது மேலே. சேலத்திலேயே கட்டிக்கொண்டு 20 வளைவு ஏறிய ஒரு பிள்ளை, சடை சீட்டில் நசுங்கக் கூடாதென்று வழி முழுக்க முன்னால் குனிந்தே உட்கார்ந்துவந்து, கடைசி வளைவில் வாந்தி எடுத்துவிட்டாள்.

குத்துகிற ஊசியை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பாம்படோருக்கு எனக்கு 40க்குக் குறையாது. அவிழ்க்கும்போது தொப்பி ஊசி முதலில், பிறகு பின்கழுத்து, பக்கம், நெற்றி, கடைசியாக எலி. சிடுக்கை நுனியிலிருந்து மேல்நோக்கி, எண்ணெய் தொட்டு எடுங்கள். எண்ணிக்கை சரியாக வந்தால்தான் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பலாம். சீப்பில் நிறைய முடி வந்திருக்கும். அதை எறிய வேண்டாம், சுருட்டி டப்பாவில் போடுங்கள். அடுத்த எலிக்கு ஆகும்.